உடம்பையும் மனசையும் சேர்த்துக் கவனிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் மூன்றரை ஆண்டுகள் கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டேன். அவருடைய வலது கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. என் தூக்கமும் பசியும் மெல்ல மெல்லப் போயின. அந்த நாட்களில் நேரில் கண்டதும், டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் விடாமல் கேட்டதும், பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்து சில விஷயங்கள் எனக்குத் தெளிவாயின. நான் மருத்துவர் இல்லை. அன்றைய என்னைப் போலத் தவித்த உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், அவர்களுக்கு நான் சொன்ன பதில்களும் இவை.

உடம்பு வேறு, மனசு வேறுதானே? ஏன் இரண்டையும் சேர்த்தே பேசுகிறீர்கள்?

நம் பேச்சையே கவனித்துப் பாருங்கள். பயத்தை "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம். துக்கத்தில் தொண்டை அடைக்கிறது, நெஞ்சு கனக்கிறது, பதற்றத்தில் கை கால் ஓடவில்லை. மனசில் நடப்பதைச் சொல்ல நமக்கு உடம்பின் உறுப்புகள்தான் வாய்க்கு வருகின்றன. உடம்புக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

பயமோ கோபமோ வந்த சில விநாடிகளில் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. சற்று நேரத்தில் கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் கூடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் இது உயிர் காக்கும் ஏற்பாடு. ஓட வேண்டிய ஆபத்து எதுவும் இல்லாமல், கடனையோ வேலையையோ வீட்டுச் சண்டையையோ நினைத்து மாதக்கணக்கில் இதே நிலையில் இருந்தால் தூக்கம் கெடுகிறது, வயிறு கெடுகிறது, பிரஷர் ஏறுகிறது, சளியும் காய்ச்சலும் சுலபமாகத் தொற்றுகின்றன.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 போதாமல் இருந்தாலும் மனசு சோர்ந்து போகும். 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனமே, நோய் இல்லாததோடு ஆரோக்கியம் முடிந்துவிடவில்லை, உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாக இருப்பதுதான் ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டது.

ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஆனாலும் படபடக்கிறது, வலிக்கிறது. நான் நடிக்கிறேனா?

இல்லை. இந்தக் கேள்வியை நானே எனக்குள் எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட இரண்டாம் ஆண்டு அது. வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு பட்டென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நான்காவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாளிக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒரு மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். "ஒண்ணுமில்ல, கவலைய விடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அவமானமாக இருந்தது.

பிறகு வேறொரு டாக்டர் வித்தியாசமாகக் கேட்டார்: "ராத்திரி எத்தனை தடவ எழுந்திரிக்கிறீங்க?" அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க, தண்ணீர் கொடுக்க, துணி மாற்ற என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து தடவை. ஒன்றரை ஆண்டாக ஒரு நாள்கூட நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் தைராய்டையும் ரத்த அளவையும் பார்த்துவிட்டு, இது பதற்றமும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை, இதற்கு வைத்தியம் உண்டு என்றார்.

பரிசோதனை நார்மல் என்றால் அந்தப் பரிசோதனை தேடிய கோளாறு இல்லை என்று அர்த்தம். வலி பொய் என்று அர்த்தம் இல்லை. நாள் முழுக்கத் தாடையையும் தோளையும் இறுக்கி வைத்திருப்பவருக்குத் தலைவலி வரும். குடலைச் சுற்றிக் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன, அதனால் கவலை வயிற்றில் உடனே தெரியும்.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்: எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். அந்த நோட்டோடு டாக்டரிடம் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். "எப்பவுமே வலிக்குது" என்று சொல்வதைவிட "திங்கள்கிழமை காலையில மட்டும் அஞ்சு தடவ வந்துச்சு" என்று சொல்வது அவருக்கு எவ்வளவோ உதவி.

நெஞ்சு வலி வந்தால் அது மாரடைப்பா, பதற்றமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் குமட்டலும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரலாம். பதற்றத் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல்முறை வரும்போது அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது. எதிலிருந்து தொடங்குவது?

உடம்பிலிருந்து. என் அனுபவத்தில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

"கவலைப்படாதே" என்று மனசுக்கு உத்தரவு போட்டுப் பாருங்கள், கேட்காது. "செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போ" என்றால் கால் கேட்கும், மனசு எவ்வளவு முரண்டு பிடித்தாலும் கேட்கும். கால் போன பின்னால் மனசும் கொஞ்ச தூரம் தள்ளியாவது பின்தொடர்ந்து வரும். மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள்: உற்சாகம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்வது. உற்சாகம் செயலுக்குப் பின்னால்தான் வருகிறது.

இன்னும் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால், தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதில் தொடங்குங்கள்.

எழுந்திருக்கும் நேரத்துக்கு அவ்வளவு முக்கியத்துவமா?

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு குட்டி நரம்புக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு ஏறி இறங்க வேண்டும், எப்போது கார்ட்டிசோல் சுரக்க வேண்டும் என்று நேரம் பார்த்துச் சொல்வது அதன் வேலை. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தினமும் அதற்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்து பத்து, பதினைந்து நிமிடம் நின்றாலே போதும். மேகமூட்டமான நாளில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். வாரநாளில் ஆறு மணிக்கும் விடுமுறையில் பத்து மணிக்கும் எழுந்திருப்பவருக்கு, வாராவாரம் நான்கு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்கு விமானத்தில் போய்த் திரும்புவது போன்ற குழப்பம் உடம்பில் நடக்கிறது.

படுக்கும் நேரம் நம் கையில் முழுதாக இல்லை, தூக்கம் வந்தால்தான் வரும். எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் படுக்கும் நேரம் தானாக ஒழுங்குக்கு வரும்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? படுத்தால் தூக்கமே வரவில்லையே?

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத்தான் கண் சொக்குகிறது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. மது குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவர்களும் உண்டு. சீக்கிரம் மயக்கம் வருவது நிஜம், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை அது துண்டு துண்டாக்கும்.

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருங்கள். மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பதோ, சுவாரஸ்யம் குறைந்த எதையாவது படிப்பதோ செய்யுங்கள். கண் அசந்த பிறகே படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கை என்றாலே புரள்வதற்கான இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது. கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். "இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு" என்று கணக்குப் போடுவதைப் போலத் தூக்கத்தை விரட்டும் விஷயம் வேறில்லை.

மூன்று மாதத்துக்கு மேல், வாரத்தில் மூன்று இரவாவது இப்படி இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் தூக்கமின்மை. தூக்க மாத்திரைக்கு முன்னால், தூக்கமின்மைக்கென்றே உருவான, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிபவர்கள், தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது பிரஷரையும் ஏற்றும், மனசையும் சோர வைக்கும்.

நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து, எல்லாக் கவலையும் வரிசையில் வந்து நிற்கிறது.

அந்த நேரத்தில் எடுக்கும் எந்த முடிவையும் நம்பாதீர்கள். பகலில் சின்னதாகத் தெரியும் பிரச்சினை அப்போது மலை போல நிற்கும்.

எனக்கு உதவியது, கவலைக்கென்று மாலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கியது. தாளில் கோடு கிழித்து இரண்டாக்கினேன். ஒரு பக்கம் நான் ஏதாவது செய்யக்கூடியவை, மறுபக்கம் என் கையில் இல்லாதவை. முதல் பக்கத்தில் இருப்பதற்கு நாளை செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை எழுதினேன். ராத்திரி அதே கவலை வந்தபோது "உன்னை எழுதி வச்சாச்சு, சாயங்காலம் வா" என்று சொல்ல முடிந்தது. முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து வரிசை கொஞ்சம் குட்டையானது.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டுமா?

வேண்டாம். அந்த எண், 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயருக்கே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்றுதான் பொருள். பிற்பாடு நடந்த ஆய்வுகளில், அதற்கு வெகு கீழேயே பலன் தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது.

உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன கணக்கு இது: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. மிதமான என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் படி ஏறியதும் கணக்கில் சேரும்.

படி ஏறுவது என்றதும் ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனில் மாடிப் பேருந்து ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மேலும் கீழுமாகப் படியேறி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சி என்று எதையும் செய்யவில்லை, வேலையைத்தான் செய்தார்கள்.

தசைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று குறிப்பாக நாற்பது தாண்டியவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்தாலே அது ஒரு பயிற்சிதான். அப்பாவுக்கு முதலில் சொல்லித்தந்ததும் அதுதான்.

மூச்சுப் பயிற்சி நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். காரணமும் எளிது. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைக் குறைக்கிறது. ஆகவே நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும், துடிப்பும் இறங்கி வரும். இதயத்தை நேரடியாக அடக்க முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

தியானத்துக்கு உட்கார்ந்தால் இன்னும் மோசமாகிறதே?

சிலருக்கு அப்படித்தான். குறிப்பாக, பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்கள் கண்ணை மூடினால் அதே காட்சிகள் வரும். கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணைத் திறந்தபடி நடங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் சூட்டைக் கவனிப்பதும் அதே வகைதான்.

சாப்பாடு மனநிலையை மாற்றுமா?

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வேளை தப்பிச் சாப்பிட்டால் எரிச்சலும் நடுக்கமும் வருவதில் ஆச்சரியமில்லை. பட்டினி கிடந்து பழகிய எனக்கு, நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்த பத்தாவது நாளே மதியக் கோபம் பாதியானது.

மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது என்று சொல்லி ஏதேதோ பொடிகளை விற்கிறார்கள். குடலில் உருவாகும் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக முடியாது என்பதைச் சொல்ல மாட்டார்கள். காசைச் சேமியுங்கள். காய்களும் பழங்களுமாக நாளுக்கு 400 கிராம், உப்பு 5 கிராமுக்குள், சேர்க்கும் சர்க்கரை கொஞ்சம்தான் என்ற சாதாரண அறிவுரைக்கு மேல் மந்திரம் எதுவுமில்லை.

இது சோம்பலா, மனச்சோர்வா? வீட்டில் திட்டுகிறார்கள்.

அப்பா இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். வலது கைப் பயிற்சிக்கு மட்டும் வரவே மாட்டார். ஒரு நாள் காலையில் நான் பிடிவாதமாக உட்கார வைத்தேன். மூன்றாவது பொத்தானை வலது கையால் பிடித்துத் துளைக்குள் நுழைக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. நுழைந்ததும் நான் கை தட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், இடது கையால் அதைக் கழற்றிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீம்பு என்று நினைத்தோம். நான் கத்தவும் செய்தேன். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. பிசியோதெரபிஸ்ட்தான், "அப்பாவுக்குப் பழைய பாட்டு பிடிக்கும்னு சொன்னீங்களே, இப்ப கேக்கறாரா?" என்று கேட்டார். ரேடியோவைத் தொட்டே நான்கு மாதம் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டோம். சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், கையில் பிடித்து அழுத்தும் பந்தை அவராகவே கேட்டார்.

வித்தியாசம் இதுதான்: சோம்பல் உள்ளவருக்குப் பிடித்த வேலை என்றால் உற்சாகம் வந்துவிடும். மனச்சோர்வில் பிடித்ததும் பிடிக்காமல் போகும். அநேகமாக நாள் முழுவதும் மனம் தாழ்ந்திருப்பது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரம் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். கூடவே தூக்கமோ பசியோ மாறலாம், கவனம் சிதறலாம், தன்னால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றலாம். 2019இல் உலகில் எட்டில் ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு வாழ்ந்தார் என்று உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. உங்கள் நெருங்கிய வட்டத்திலேயே ஒருவராவது இருப்பார்.

மனநல மருந்து எடுத்தால் அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தரும் மருந்துகள் போதை தருபவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வெல்லாம் வரலாம். அதனால் டாக்டர் சொல்லும் கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். பலர் பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறார்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடக் கூடியவை என்பது உண்மை. எந்த வகை தருகிறார், எத்தனை நாளுக்கு என்று நேராகவே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. லேசான மனச்சோர்வுக்குப் பல நேரம் அதுவே போதும்.

உறவினர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு நேரமே கிடையாது. அவர் என்ன செய்வது?

உங்களிடம் நேரம் இல்லை என்பதை நம்புகிறேன். யோகா வகுப்புக்குப் போங்கள் என்று என்னிடம் சொன்னவர்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதும் நினைவிருக்கிறது.

முதலில், உதவியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்பவர்கள் நல்லவர்கள்தான், அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அத்தை, செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் அப்பாகூட நீங்க படுத்துக்கங்க" என்று கேட்டேன். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு நான் சேர்ந்தாற்போல் ஏழு மணி நேரம் தூங்கிய முதல் இரவு அதுதான்.

அடுத்தது, உங்கள் மருத்துவத் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள். அவருக்கு மாத்திரை எடுத்து வைக்கும்போதே உங்கள் மாத்திரையையும் எடுத்து வையுங்கள். அவரைத் தூக்கும் முறையை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள், முதுகு போனால் இருவருக்குமே கஷ்டம்.

கோபம் வரும். "இது எப்ப முடியும்" என்றுகூடத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காக நீங்கள் கெட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். யாராவது ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஓர் ஆய்வு, பல நூறு பேரை அவர்களின் இளமையிலிருந்தே பின்தொடர்ந்தது. முதுமையில் உடம்பும் மனசும் நன்றாக இருந்தவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்தது, நம்பிப் பேச ஆள் இருந்ததுதான்.

உயிரை விட்டுவிடலாம் என்பது போல ஒருவர் பேசுகிறார். நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ?

தூண்டிவிட மாட்டீர்கள். நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" ஆய்வுகளும் அனுபவமும் சொல்வது, அப்படிக் கேட்பது பெரும்பாலும் அவருக்கு ஆறுதலாகவே இருக்கிறது என்பதுதான். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். "குழந்தைங்கள நினைச்சுப் பாரு" என்று உடனே அறிவுரைக்குப் போகாதீர்கள், ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவருக்கு அது இன்னும் பாரம்.

ஆமாம் என்றால், தனியே விடாதீர்கள். மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். உங்கள் நாட்டின் நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இப்போதே, பக்கத்து அறையில் இருப்பவரை ஒரு சத்தம் கொடுத்துக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் போனில் ஒருவரை அழையுங்கள். காரணம் எதுவும் விளக்க வேண்டாம், "என்கூட இரு" என்பது போதும்.

என்னென்ன பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டும்?

பிரஷர், அறிகுறியே காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கும். 120/80க்குக் கீழே நல்லது. ஓய்வாக உட்கார்ந்து வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். கொழுப்பு, ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் வயதுக்கேற்ற இடைவெளியில் பார்க்கலாம். மனசு சோர்ந்திருக்கும்போது தைராய்டும் பி12உம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல்லையும் கண்ணையும் மறந்துவிடுகிறோம்.

ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள இருபத்தொரு நாள் போதுமா? நடுவில் விட்டுப்போனால்?

இருபத்தொன்று என்ற கணக்குக்கு ஆதாரம் இல்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. கணக்கிட்டதில் குறைந்தது 18 நாள், கூடியது 254 நாள். ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

புதியதை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும் வெளியே போய் வெளிச்சத்தில் நிற்பது, மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பது என்று. அளவை மோசமான நாளுக்கு ஏற்றபடி வையுங்கள். எனக்கு அது, தெருமுனை வரை போய்த் திரும்புவது. காய்ச்சல் அடித்த நாள் போகவில்லை. அப்பா காலமான வாரம் முழுக்கப் போகவில்லை. எட்டாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.